வார்டன் கையெழுத்து செல்லாது!

தோழர்களே,

ஜூன் நெருங்குகிறது. சிங்காரப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜவ்வாது மலையடிவாரத்திலும் இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுதியில் சேர்க்க வரிசையில் நிற்பார்கள். மறுநாள் ஷிஃப்டுக்குத் திரும்பும் அவசரம். நீட்டிய தாளிலெல்லாம் கைநாட்டு வைத்துவிட்டு, ஊதா மை காயாத விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தாள்களுக்காகத்தான் உங்களை அழைக்கிறோம்.

இப்படி வாங்கிய தாள்கள் என்ன செய்யும் என்று பாருங்கள். 2009 ஜூலையில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். நடத்தியது பாத் என்ற அமெரிக்க அமைப்பு. கூட நின்றது அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது, மருந்து மெர்க் கம்பெனியுடையது. குஜராத்தின் வதோதராவில் கிளாக்சோ மருந்து. இரண்டு இடத்திலும் சேர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கம்மத்தில் பலர் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

ஏழு பிள்ளைகள் இறந்த பிறகு, 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது அரசு விசாரணைக் குழு. இருக்கலாம். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட ஊசி அது, புற்றுநோயைத் தடுக்கிறது. உங்களில் சிலர் ‘ஊசியே சதி’ என்று டீக்கடையில் பேசுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பேச்சு நம் பிள்ளைகளுக்கே கேடு.

நம் வழக்கு வேறு. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையை வைத்தது. ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்கள். அதில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள்! பெற்ற தாய் காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருப்பாள், மகள் ஓர் ஆய்வில் சேர்ந்துவிட்டாள். பாதிப்பு வந்தால் கண்காணிக்க உருப்படியான ஏற்பாடும் இல்லை என்றது குழு. நடத்தியவர்களைக் கேட்டால், இது மருந்துச் சோதனையே அல்ல, செயல்விளக்கத் திட்டம் என்றார்கள். ஆகவே, ‘ஆராய்ச்சி’ என்று பலகை மாட்டிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். முகாம் என்ற பெயரில் வரலாம், பிஸ்கட்டும் ஸ்கூல் பேக்கும் கொண்டு வரலாம்.

பெற்றோரே கையெழுத்துப் போட்டாலும் போதாது. நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்து இருந்தது. எப்படி வந்தது? 1964-இல் விடுதியில் இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள், ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் கட்டில் காலியாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழியற்ற தாய் வேறென்ன செய்வாள்? நம் விடுதி வாசல் வரிசையில் நிற்கிறவளும் அவளைப் போன்றவள்தான்.

பிள்ளைகள் மேல் ஆராய்ச்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பெரியவர்களுக்குச் சோதித்த மருந்தை அளவு குறைத்துக் கொடுத்தால் அது பிள்ளைக்கு மருந்தாகிவிடாது. ஆனால் சட்டம் இருக்கிறது. மருந்துச் சோதனை என்றால் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகளின்படி பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் ஒப்புதல் தரவேண்டும். அவர்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கத்தாள் வேண்டும், அதன் நகல் கையில் வேண்டும். பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். ஏழு வயது தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை, பன்னிரண்டு தாண்டினால் எழுத்தில். ‘மாட்டேன்’ என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது எத்தனை வார்டன்களுக்குத் தெரியும்?

மே 1 கிராமசபையில் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் வையுங்கள்: விடுதிப் பிள்ளைகளைக் கொண்டு எந்த ஆய்வு நடந்தாலும் பெற்றோரை நேரில் வரவழைத்து, தமிழில் சொல்லி, யோசிக்க நாள் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கக் கூடாது. தலைவர் ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பார். பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அதற்கு முன் வீடு வீடாகப் போயாக வேண்டும். வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவது ஞாயிற்றுக்கிழமைதான். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு சிங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். துண்டறிக்கை தயார். பெண் தோழர்கள் அதிகம் வேண்டும், பைக் வைத்திருப்பவர்கள் மலைப்பக்க ஊர்களுக்கு.