காவலனைக் கொன்ற நாடு

'ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்' என்பது பழமொழி. வஞ்சகர்க்கு ஓநாயை உவமையாகக் காட்டுதல் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ஆயினும், அவ்விலங்கைத் தெய்வமாகப் போற்றிய நாடும் உண்டு. போற்றிய அந்நாடே பின்னர் அதனை வேரோடு அழித்தது. அந்நாடு ஜப்பான்.

ஜப்பானிய மொழியில் ஓநாயைக் குறிக்கும் 'ஓகாமி' என்னும் சொல், பெருந்தெய்வம் என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லோடு ஒலியால் ஒத்தது. பயிரைப் பாழாக்கும் காட்டுப் பன்றியையும் மானையும் ஓநாய் வேட்டையாடுதலின், மலைநாட்டு உழவர் அதனைத் தம் வயலின் காவலனாகக் கருதினர். சிச்சிபு மலைப்பகுதியிலுள்ள மிட்சுமினே கோயிலில் ஓநாயின் சிலைகள் இன்றும் காவல் நிற்கின்றன. அதன் உருவம் பொறித்த தாள் வீட்டில் இருப்பின் தீயும் திருட்டும் அணுகா என்று மக்கள் நம்பினர். வடக்கேயுள்ள ஹொக்கைடோத் தீவின் ஐனு மக்களும் அதனைத் தெய்வமாகவே மதித்தனர்.

இந்த அன்பு பகையாக மாறியது எங்ஙனம்? 18ஆம் நூற்றாண்டில் வெறிநோய் ஜப்பானில் பரவி ஓநாய்களையும் பற்றியது. நோயுற்ற ஓநாய்கள் மக்களைக் கடித்தன. காவலன் என்ற பெயர் மங்கியது. 1868இல் மெய்ஜி ஆட்சி தோன்றிய பின்னர், ஹொக்கைடோவில் மேனாட்டு முறையில் கால்நடைப் பண்ணைகள் எழுந்தன. அக்காலத்திலேயே இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மான்கள் திரள்திரளாகக் கொல்லப்பட்டன. 1879இல் பெய்த கடும்பனியில் எஞ்சிய மான்களுள்ளும் பல மடிந்தன. இரையிழந்த ஓநாய்கள் பண்ணைக் குதிரைகளின்மேற் பாய்ந்தன. பண்ணைத் தொழில் கற்பிக்க வந்த அமெரிக்கரான எட்வின் டன், இறைச்சியில் நஞ்சு கலந்து வைத்து அவற்றைக் கொல்வித்தார். ஓநாயைக் கொன்றவர்க்கு அரசு பணமும் வழங்கியது. 1889ஐ ஒட்டி அத்தீவில் ஓநாய் இல்லாதொழிந்தது.

ஹொன்ஷு என்னும் பெருந்தீவில் 1905ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நாரா மாவட்டத்து மலையூர் ஒன்றில், இறந்த ஓநாயின் உடலை மால்கம் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அதன் தோலும் மண்டையோடும் லண்டன் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. ஐயமற அறியப்பட்ட இறுதி ஜப்பானிய ஓநாய் அதுவே.

ஆராயின், ஓநாயின் குற்றம் யாது? அதன் இரையை முதலில் கவர்ந்தவன் மனிதன். பசியால் அது பண்ணையை நாடியதும் அதனைக் கள்வன் என்றவனும் அவனே. குதிரையை இழந்தவனின் துயரம் சிறிதன்று; அவன் தன் உடைமையைக் காத்தல் முறையே. ஆனால் காத்தல் வேறு, வேரறுத்தல் வேறு. வேலி கட்டுதலும் காவல் நாய் வளர்த்தலும் காத்தலாகும். ஓர் இனத்தின் இறுதி உயிர் வரை தேடிக் கொல்லுதல் காத்தலாகாது.

இன்று ஜப்பானில் மான்கள் மிகப் பெருகியுள்ளன. அவை இளமரங்களின் பட்டையை உரிக்கின்றன, பயிரை மேய்கின்றன. வேட்டைக்காரர் குறைந்தமையும் பனி குறைந்தமையும் இதற்குக் காரணங்களே. எனினும், மானை அடக்கி வைத்த பழங்காவலன் இல்லாமையையும் மறுத்தற்கில்லை.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலும் 1926ஐ ஒட்டி ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. ஆனால் 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் அங்குக் கொணர்ந்து விடப்பட்டன. அவை பெருகி வாழ்கின்றன. அவ்வினம் வேறிடத்தில் உயிரோடிருந்தமையால் அன்றோ அது இயன்றது! ஜப்பானிய ஓநாய்க்கு அத்தகைய சுற்றம் எங்கும் எஞ்சவில்லை. எத்துணைப் பொருள் செலவிடினும் அதனை மீட்டல் அரிது.

தெய்வம் என்று போற்றியதும் கள்வன் என்று தூற்றியதும் மனிதன் கட்டிய கதைகளே. ஓநாயோ என்றும் ஓநாயாகவே இருந்தது. தன் அச்சத்துக்கும் ஆசைக்கும் ஏற்பக் கதையை மாற்றிக்கொள்வது மனிதனுக்கு எளிது. அக்கதையை நம்பி அவன் அழித்த உயிரை மீண்டும் படைப்பது அவனால் இயலாது. ஆதலின், ஓர் உயிரைத் தீயது என்று துணிந்து ஒழிக்கப் புகுமுன், அது செய்துவரும் பணி யாதென ஆராய்ந்தறிதல் அறிவுடையோர் கடனாகும்.