பீட்டர் தங்கராஜும் ‘திறமை’ என்னும் கட்டுக்கதையும்

“அப்படியானால் இந்திய அணியிலும் இட ஒதுக்கீடு கேட்பீர்களா?” இட ஒதுக்கீடு பற்றி எங்கே பேசினாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வாதத்தில் வென்றுவிட்டதுபோலச் சிரிப்பார். விளையாட்டில் திறமை மட்டும்தான் பேசும் என்பது அவர்களுடைய வேதவாக்கு. சரி, விளையாட்டையே எடுத்துக்கொள்வோம்.

பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்த கோல்கீப்பர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தவர். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர். 1962-ல் ஜகார்த்தாவில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் முன்னால் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கியபோது நம் கோலைக் காத்து நின்றவர். 1967-ல் அர்ஜுனா விருது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இவ்வளவும் திறமைதான், மறுக்கவில்லை. அந்தத் திறமைக்குக் கதவு திறந்தது யார்? 1953-ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்காக ஆடினார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. படைவீரனுக்கு மாதச் சம்பளம் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு, மைதானம் உண்டு, பயிற்சி உண்டு. சேர்ந்த மூன்றே ஆண்டில் மெல்போர்ன். பிறகு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். ஆடி முடித்தபின் அவருக்கு இடம் கொடுத்தது பொகாரோ உருக்காலை, அதுவும் பொதுத்துறை. 2008-ல் பொகாரோவிலேயே இறந்தார். தொடக்கத்திலும் அரசு, முடிவிலும் அரசு.

இதற்குப் பெயர் வாய்ப்பு. நாங்கள் கேட்பதும் அதைத்தான். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் வருகிறவரை “கோட்டாவில் வந்தவன்” என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. சுளிக்கவும் கூடாது. ஒதுக்கீடு என்ற சொல் கசப்பது, அதைப் பெறுகிறவன் காலனிக்காரனாக இருக்கும்போது மட்டும்தான்.

“மைதானத்தில் சாதி இல்லை” என்பார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. சில நாளில் அரையிறுதியில் அணி தோற்றது. உடனே ஹரித்துவாரில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதி சொல்லித் திட்டினார்கள். வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் தலித் பெண்.

அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மனைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும் ஊர் எங்கள் மேல்மலையனூர். சுற்றுக் கிராமங்களில் காலனிப் பையன்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று வந்து பாருங்கள். ஏரி வற்றினால் ஏரிக்குள்ளே. வெடித்துக் கிடக்கும் மண்ணில் இரண்டு செங்கல்லை வைத்தால் அதுதான் கோல். அங்கே பாய்ந்து பந்தைப் பிடிக்கிறவனுக்கு முழங்கைத் தோல் மிஞ்சாது. மழை பெய்தால் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறிவிடுவான். அவனிடம் திறமை இருந்ததா இல்லையா என்று எந்தத் தேர்வாளர் வந்து பார்த்தார்? பார்க்காமலேயே “இல்லை” என்று எழுதிவிடுவதற்குப் பெயர்தான் உங்கள் அகராதியில் தகுதியா?

ஒவ்வொரு காலனிக்கும் அருகிலுள்ள புறம்போக்கில் ஒரு மைதானம் ஒதுக்குங்கள். ஒன்றியத்துக்கு ஒரு கால்பந்துப் பயிற்சியாளரைப் போடுங்கள். ஆடுகிற பிள்ளைக்கு பூட்ஸும் முட்டையும் பாலும் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து, திறமை யாரிடம் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பேச்சுக்கு நாங்கள் எப்போதும் தயார்.