நாகம்மாளைக் கடைசியில் வைத்தவர்களுக்கு

காந்திபுரம் வாசிப்பு வட்டத்துச் சொந்தங்களுக்கு,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஆண்டு முழுக்கக் கொங்கு நாவல்களாகவே படித்து, பிடித்தது எது, பிடிக்காதது எது என்று நீங்கள் எடுத்த முடிவு வந்து சேர்ந்தது.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ முதலிடம். மனசார ஒப்புக்கொள்கிறேன். 2023-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியதற்காகச் சொல்லவில்லை. நம் ஊர்களின் நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்ற குடிநாவிதர்களின் வீட்டுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? காரு மாமாவின் சாவுக்குக் கூடிய சொந்தங்களோடு நம்மையும் உட்கார வைத்தது அந்த நாவல்.

கடைசி இடத்தில் ‘நாகம்மாள்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பேச்சு புரியவில்லை, பழங்கதை என்கிறீர்கள். ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-இல் வந்த சின்ன நாவல். நாகம்மாள் என்ற கைம்பெண் தன் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் என்பவன் தூண்டிவிடுகிறான். கொலையில் போய் முடிகிறது. இதுவா பழங்கதை? பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. இன்றைக்கும் பங்கு கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுப் படியேற முடியாத பெண்கள் நம் சாதிசனத்திலேயே இருக்கிறார்கள். நாகம்மாளை உத்தமியாக்காமல், கோபத்தோடும் ஆசையோடும் அப்படியே நிறுத்தினாரே, அதற்காகவே சண்முகசுந்தரத்தைக் கும்பிடலாம்.

பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதில் வருத்தமில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-இல் வந்தது. நான்காண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். அவர் எழுத்தையே விடுவதாக அறிவிக்கும் நிலை வந்தது. பிடிக்காவிட்டால் படிக்காமல் விட்டுவிடலாம் என்ற பொருளில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே அவர் திரும்ப எழுத வந்தார். படிக்காமல் விடுவது தனி ஆளுக்குச் சரி. கூடிப் படிக்கிறவர்கள் கடைசிப் பக்கம் வரை போய், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று காட்ட வேண்டும். உங்கள் குறிப்பில் அது இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருக்கும் அப்பத்தாவையோ அம்மிச்சியையோ கூட்டிவந்து, நாகம்மாள் பேசும் இடங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்க. அந்தப் பேச்சு காதில் விழுந்தால் புரிந்துவிடும். அதற்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால் கடைசியிலேயே இருக்கட்டும். ஏன் என்று மட்டும் விவரமாக எழுதி அனுப்புங்க.