மோதிர விரல் எழுந்திருக்க மாட்டேங்குது!

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தே பழகியவன். பியானோவும் இடது கை, வலது கை என்று இரண்டே பக்கம்தானே, எப்படியும் டேலி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

முதலில் உட்கார்ந்தது நான் இல்லை. என் பெண். அவளுக்கு ஏழு வயது ஆனதும் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய மிஸ் வீட்டில் சேர்த்துவிட்டேன். 'விரலுக்கும் நல்லது, மூளைக்கும் நல்லது' என்று வீட்டில் காரணம் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. காலேஜில் படிக்கும்போது ஒரு கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு வாசித்தவனையே மூன்று மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். (பெண்களும் அவனையே பார்த்தார்கள் என்பது உபகாரணம்.) நானும் கற்றுக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "முதல்ல அக்கவுண்டன்ஸி அரியரை முடி" என்றார். அதோடு சரி.

மிஸ்ஸுக்கு எழுபது வயதிருக்கும். ரயில்வே குடும்பம். ஹாலில் சுவரோரமாக ஒரு பழைய பியானோ. அதன் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். சாமி விளக்கோ என்று நினைத்தேன்.

"மெட்ராஸ் காத்துல ஈரம் ஜாஸ்தி மேன். உள்ளே மரம், கம்பளித் துணி எல்லாம் ஊறிப் போச்சுன்னா கட்டை மேலே வராது. அதுக்குத்தான் சூடு" என்றார். பூச்சிக்குப் பாச்சா உருண்டை வேறு. உள்ளே இருநூறுக்கும் மேல் கம்பிகள். அவை இழுக்கிற இழுப்பு டன் கணக்கில். வெளியே 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. எண்ணிப் பார்த்துவிட்டேன். பழக்கம்!

முதல் மாதம் முழுக்க ஐந்தே கட்டைகள். உள்ளங்கையில் ஆரஞ்சுப் பழம் இருப்பது மாதிரி கையைக் குவித்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை விரல்தான் ஒன்று, மோதிர விரல் நாலு.

"சினிமாப் பாட்டு எப்ப மிஸ்?"

"முதல்ல கை வரட்டும் மேன். பாட்டு எங்கேயும் ஓடிப் போகாது."

எனக்குள் கால்குலேட்டர் ஓடியது. மாதம் 2,000 ரூபாய். அரை மணி வீதம் நாலு கிளாஸ். அதாவது நிமிஷத்துக்கு 16 ரூபாய் 66 பைசா. ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்வதிலேயே என் பெண் மூன்று நிமிஷம், அதாவது ஐம்பது ரூபாய் காலி பண்ணுவாள்.

வீட்டில் பழக 61 கட்டை கீபோர்டு ஒன்று வாங்கினேன். அதில் பறக்கிற விரல்கள் மிஸ் வீட்டில் நொண்டின. கீபோர்டு கட்டைக்குக் கனமே கிடையாது. தொட்டால் போதும், கத்தும். பியானோவில் ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்கிக் கம்பியில் அடிக்க வேண்டும். மெதுவாக அமுக்கினால் முனகும், ஓங்கி அமுக்கினால் அதிரும். இது தெரியாத நான், பெண் சரியாகப் பழகவில்லை என்று முடிவுகட்டினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டைமர் வைத்தேன். "நாலாவது விரலைத் தூக்கு! கவனம் எங்கே இருக்கு?" என்று தினமும் அதட்டல். ஒரு நாள் அழுதாள். இரண்டு நாள் டி.வி. கட்.

டிரினிட்டி பரீட்சையில் கிரேடு ஒன்று எழுதினாள். வாசித்தாள் என்று சொல்ல வேண்டுமோ? மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், இன்னும் ஏதேதோ. நூற்றுக்கு 60 வாங்கினால் பாஸ். 63 வாங்கினாள். "சூப்பர்டா கண்ணு" என்றேன். ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அது சூப்பர் என்று சொல்லவில்லை. குழந்தைகள் முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

அடுத்த கிளாஸுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, எனக்கு வேணாம்ப்பா. உங்களுக்குத்தானே பிடிச்சிருக்கு. நீங்க கத்துக்கோங்களேன்."

கோபமே இல்லை. தனக்குப் பிடிக்காத கத்தரிக்காயை என் தட்டுக்குத் தள்ளுவாளே, அதே குரல்.

மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மூன்று மாத ஃபீஸ் முன்பணமாகக் கட்டியிருந்தேன்.

"பணம் திரும்பி வராது. நீ உட்காரு மேன்" என்றார்.

கட்டிய பணம் வீணாகக்கூடாது. உட்கார்ந்தேன்.

என் மனைவி சிரித்தாள். "இளையராஜா 1968-ல் மெட்ராஸுக்கு வந்த பிறகுதானே தன்ராஜ் மாஸ்டர்கிட்ட பியானோ கத்துக்கிட்டார்? அவர் பிறந்தது 1943. கணக்குப் போட்டுப் பாரு, எத்தனை வயசு?" என்றேன். "அவர் இளையராஜா. நீங்க?" என்றாள். இதற்குப் பதில் பி.காம். சிலபஸில் இல்லை.

வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஸி-யிலிருந்து வரிசையாக வாசித்தால் சங்கராபரணம். அதே வெள்ளைக் கட்டைகளை எஃப்-பில் ஆரம்பித்தால் கல்யாணி, டி-யில் ஆரம்பித்தால் கரகரப்ரியா. துள்ளிக் குதித்து அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் பாட்டு தெரியும். "அதுக்குப் பேர் கிரகபேதம்டா. ஆனா கமகம் எங்கே? மாடிப்படி ஏறி இறங்கற மாதிரி இருக்கே" என்றாள். வாஸ்தவம். பியானோவில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குக் குதிக்கத்தான் முடியும், வழுக்க முடியாது.

இரண்டாவது வாரம் அந்த நாலாம் விரல் வந்தது. அதாவது, வரவில்லை. மற்ற விரல்களைக் கட்டை மேல் வைத்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கச் சொன்னார் மிஸ். மனசு தூக்கு என்கிறது. விரல், வெள்ளிக்கிழமை சாயங்காலத்து ஆபீஸ் கிளார்க் மாதிரி அசையாமல் கிடக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். பக்கத்து சீட்காரர் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளங்கையை மேஜையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

ஆச்சா?

"அந்த விரலோட நரம்பு பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டியிருக்கு மேன். எல்லார் கையும் அப்படித்தான். மெதுவா, மாசக்கணக்கில்தான் வரும்" என்றார் மிஸ்.

அரை மணி கிளாஸில் மிச்சம் பத்து நிமிஷம் இருந்தது. எனக்கு எதுவுமே காதில் விழவில்லை. இரண்டு நாள் டி.வி. கட் பண்ணினேனே, அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி அவளிடம் சொன்னேன். "அந்த நாலாவது விரல் எனக்கும் எழுந்திருக்க மாட்டேங்குதுடா. உன்னைத் திட்டியிருக்கக் கூடாது. ஸாரி."

'பார்த்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை எடுத்துக் கீபோர்டு மேல் வைத்தாள். "மத்த விரலை அழுத்தாதீங்கப்பா, லேசா வையுங்க. தோளை ஏன் தூக்கறீங்க?" அன்றிலிருந்து நாற்காலி போட்டு உட்காருவது அவள்தான். டைமரும் அவளிடம்.

ஆபீஸ் போகிறவர்கள் யாராவது ஆசைப்பட்டால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிஜ பியானோ வாங்கிக் கடனாளியாக வேண்டாம். கட்டைக்குக் கனம் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினம் பதினைந்து நிமிஷம் மேல். ஒரு கை வந்த பிறகு அடுத்த கை. இரண்டையும் சேர்க்கும் நாளில் தெரிந்தவர்கள் யாரும் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மிஸ் வீட்டில் சின்னக் கச்சேரி. வயசு வரிசையில்லை, பாட வரிசை. எனக்கு முன்னால் ஒரு யு.கே.ஜி. பையன், பின்னால் ரெண்டாங்கிளாஸ் பெண். ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்யவே எனக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. வாசித்தது முக்கால் நிமிஷம். நடுவில் ஒரு இடத்தில் நின்றுபோய், திரும்ப ஆரம்பித்து, எப்படியோ கரை சேர்ந்தேன். யு.கே.ஜி. பையன் கேக்கைக் கடித்துக்கொண்டே, "அங்கிள், நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்டான்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் சத்தமே இல்லை. நான்தான் கேட்டேன்.

"எப்படிடா இருந்தது? நூத்துக்கு எவ்வளவு போடலாம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அறுபத்து மூணு" என்றாள்.