கிரிவலத்துக்கு நம் வீட்டு நாயும் வரலாமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைச் செருப்பில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. அதனால்தான் பலரும் சாயங்காலமோ, விடியற்காலையிலோ நடையைத் தொடங்குகிறார்கள். அதே ரோட்டில் உச்சி வெயிலில் செருப்பு போட்டுக்கொண்டு நாயைக் கூட்டிப் போகிறவருக்கு அந்தச் சூடு தெரிவதில்லை. நாய்க்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் அதற்கு முடியாது.

வளர்ப்பு நாயைப் பொது இடத்துக்குக் கூட்டிப் போவதில் இருக்கும் சிக்கலே இதுதான். எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் என்று முடிவு செய்வது மனிதர், அனுபவிப்பது நாய்.

கமலா நடந்த பாதை

நாய்களுக்கும் திருவண்ணாமலைக்கும் உள்ள உறவு பழையது. அருணாசலேஸ்வரர் கோயிலில், நாயை வாகனமாகக் கொண்ட காலபைரவருக்குச் சந்நிதி உண்டு. ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளுக்குப் பக்கத்தில் ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இருக்கிறது. ரமணர் 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்தபோது அங்கே கமலா என்ற பெண் நாய் இருந்தது. புதிதாக வந்தவரைச் சுற்றிக் காட்டச் சொன்னால், அது முன்னால் நடந்து குளம், சந்நிதி என ஒவ்வொன்றுக்கும் அழைத்துப் போகுமாம்.

கமலாவுக்குக் கயிறு தேவைப்படவில்லை. அந்த மலைதான் அதன் வீடு. இன்று வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்கும் லாப்ரடாருக்கோ, பக்குக்கோ இந்த ஊரில் எதுவும் தெரியாது. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள், ஆட்டோ ஹாரன், ஒலிபெருக்கி, கற்பூர வாசனை. இவற்றுக்கு நடுவே அதற்குத் தெரிந்தது, கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும்தான்.

பௌர்ணமியும் தீபமும் வேண்டாம்

முதல் யோசனை கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். பௌர்ணமி அன்றும், கார்த்திகை தீபத் திருவிழா நாட்களிலும் நாயைக் கூட்டி வராமல் இருப்பதே நல்லது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும் அந்தக் காதுக்கு, பக்கத்தில் வெடிக்கும் பட்டாசு பேரிடி. மிரண்ட நாய் எஜமானரைக்கூடக் கவனிக்காது. கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அந்தக் கூட்டத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

கோயிலுக்குள் நாயை அழைத்துச் செல்ல முடியாது. 'காரிலேயே இருக்கட்டும், சீக்கிரம் தரிசனம் முடித்து வந்துவிடலாம்' என்று நினைப்பது அதைவிட ஆபத்து. வெயிலில் நிறுத்தி, ஏசி அணைத்த காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய பலன் இல்லை. நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம்.

தீபத்தன்று வீட்டில் விட்டு வருவதானால் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேன் போட்டு, டி.வி. சத்தத்தை மிதமாக வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தூக்க மருந்து கொடுக்கவே கூடாது.

மற்ற நாட்களில் எப்படி?

கூட்டமில்லாத நாளில், விடியற்காலையில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தால் நாய்க்கும் சந்தோஷம். முழுச் சுற்று எல்லா நாய்க்கும் ஏற்றதல்ல. கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

கழுத்துப்பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். இழுக்கும் நாய்க்கு மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் நல்லது. கயிற்றைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். குழந்தை கையில் கொடுக்கவோ, மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவோ கூடாது. மலையடிவாரத்தில் குரங்குகளும் மான்களும் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் அவற்றைத் துரத்தும். அதில் யாராவது ஒருவருக்குக் காயம் நிச்சயம்.

தெருநாய்கள் கூட்டமாக எதிரே வந்தால் ஓடக் கூடாது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, முறைத்துப் பார்க்காமல், வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிட வேண்டும். அது அவற்றின் எல்லை, விருந்தாளி நாம்தான்.

அன்னதானம் நடக்கும் இடங்களில் கீழே கிடக்கும் தொன்னைகள் நாயை இழுக்கும். சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சாம்பார் சாதத்தின் வெங்காயமும் அதற்கு ஆகாது. யாராவது அன்போடு பிரசாதம் நீட்டினால், 'இதுக்கு ஒத்துக்காதுங்க' என்று சொல்லிவிடலாம். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாமல், வீட்டிலிருந்தே பாட்டிலும் கிண்ணமும் கொண்டு வருவது நல்லது. தடுப்பூசித் தவணை முடியாத குட்டியைப் பொது இடத்தில் தரையில் விடவே கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

அடுத்தவர் பயமும் உண்மைதான்

'எங்க நாய் கடிக்காது' என்று சொல்லாத உரிமையாளர் இல்லை. ஆனால், சென்னை ஆயிரம் விளக்கு பகுதிப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ராட்வெய்லர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவையும் ஒரு வீட்டில் வளர்ந்த நாய்கள்தான். அலட்சியத்தால் நம் விலங்கு பிறருக்கு ஆபத்தாகிவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முரட்டு சுபாவமுள்ள நாயைக் கூட்டமான இடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும், அவசியம் என்றால் வாய்மூடி போடுவதும் அந்த நாய்க்கும் பாதுகாப்பு.

கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தொடங்கிய பிறகு ரேபிஸிலிருந்து தப்புவது மிக மிக அரிது. வளர்ப்பு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் அடுத்த ஊசி.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. கிரிவலப் பாதையில் வருகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நாய் கழித்ததை எடுத்துப்போட ஒரு பை கையில் இருக்க வேண்டும். இதைச் செய்தாலே நாயைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களில் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள்.

தொலைந்துவிட்டால்?

கழுத்தில் போன் நம்பர் எழுதிய வில்லை இல்லாத நாயை யாரும் வளர்ப்பு நாய் என்று நினைக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. அடையாளமில்லாமல் அங்கே நிற்கும் உங்கள் நாயும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெருநாய்தான். தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்தால் பட்டை கழன்றாலும் அடையாளம் இருக்கும்.

காணாமல்போன நாயை முதலில் பக்கத்திலேயே தேட வேண்டும். பயந்த நாய் ஏதாவது வண்டிக்கு அடியிலோ, புதருக்குள்ளோ பதுங்கியிருக்கலாம். சத்தம் அடங்கிய பிறகு, அதிகாலையில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கண்டதும் துரத்தக் கூடாது. கீழே உட்கார்ந்து, வீட்டில் கூப்பிடும் பெயரை வழக்கமான குரலில் சொன்னால் அதுவாக வரும். கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், சாமியார்கள் என்று அங்கேயே இருப்பவர்களிடம் போட்டோவைக் காட்டிவிட்டு வருவது, வெறும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைவிட உதவும்.

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் போனால் பாதை அமைதியாகிவிடும். அதிகாலை ஐந்து மணிக்குத் தரை குளிர்ந்திருக்கும். நாயோடு நடக்க அதுவே சரியான நேரம்.