ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்தல புராணம்

கோயில்களுக்கு ஸ்தல மகிமை எழுதிப் பிழைத்தது போதாதென்று, இப்போது ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்தல மகிமை எழுதும் காலமும் வந்திருக்கின்றது. இது தேசத்தில் முதல் நம்பர், அது மூன்றாம் நம்பர் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. அதைப் பார்த்தவுடன் நமது மக்கள் தாலியை அடகு வைத்து, காணியை ஒத்திக்கு விட்டு, நாலு ஜில்லா தாண்டி ஓடுகின்றார்கள். சாமியின் யோக்கியதையையே கேட்கத் துணிந்த நமது தோழர்களிலும் பலர் இந்த நம்பரைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றார்களே, இதென்ன பகுத்தறிவு என்று கேட்கின்றோம்.

எண் பொய் சொல்லாது என்பார்கள். இங்கிலாந்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1863ல் வெளியிட்ட புத்தகத்தில், லண்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் 1861ல் சாவு நூற்றுக்கு 90.84 என்று அச்சாகியிருந்தது. நூறு பேர் உள்ளே போனால் ஒன்பது பேர்தான் திரும்பினார்களா? இல்லவே இல்லை. வருஷம் முழுவதும் இறந்த 3,828 பேரை, ஏப்ரல் 8ந் தேதி ஒரே நாளில் படுக்கையிலிருந்த 4,214 பேரைக்கொண்டு வகுத்துவிட்டார்கள். அம்மையார் புரட்டுக்காரரல்ல, நோயாளிகளுக்காகப் பாடுபட்டவர். யோக்கியர் கணக்கே இப்படியானால், விளம்பரக் காசில் நடக்கும் பத்திரிகைக் கணக்கு எப்படியிருக்கும்?

அமெரிக்க சர்க்கார் 1986ல் சாவுக் கணக்கை வெளியிட்டபோது, யாவற்றிலும் மோசமென்று நின்றது, பிழைக்க வழியற்றவர்களைக் கடைசி நாட்களில் வைத்துப் பராமரிக்கும் ஓர் இடம்! சாகப்போகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவனுக்கு இந்தக் கணக்கில் நல்ல பெயர் கிடைக்குமல்லவா? நமது இந்திய சர்க்காரின் என்.ஐ.ஆர்.எப். பட்டியலில் 2018 முதல் மருத்துவக் கல்லூரிகளும் வருகின்றன. அது படிப்பு, ஆராய்ச்சி, பிறர் மத்தியில் பெயர் முதலியவற்றுக்கு மார்க்கு போடுவது. உங்கள் வயிற்றுவலி அதில் எங்கே இருக்கிறது?

இதனால் எண்களையே தள்ள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வியன்னாவில் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள். நாள் மாற்றி நாள் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். ஆகவே இரண்டிலும் ஒரே மாதிரிப் பெண்கள். 1846ல் மாணவ டாக்டர்கள் இருந்த பகுதியில் சாவு நூற்றுக்கு 11.4, மருத்துவச்சிகள் பகுதியில் 2.8. பாதிரியார் மணியடித்து வருகிற பயத்தினால் சாகிறார்களோ என்று மணியையும் நிறுத்திப் பார்த்தார்கள். (சாவு நிற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ!) பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணமென்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டு, 1847ல் குளோரின் நீரில் கைகழுவச் செய்தார், மறு வருஷம் சாவு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. ஒரே கூரையின் கீழேயே இத்தனை பேதமென்றால், முழு ஆஸ்பத்திரிக்கும் ஒரே நம்பர் போடுவது என்ன நியாயம்?

ஆதலால், கத்தி வைக்கும் முன் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை இங்கே வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? செய்யப்போவது பெரிய டாக்டரா, அவர் பெயரில் வேறொருவரா? செலவு எவ்வளவு? கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பாம்பு கடித்தவனுக்கு இந்தக் கேள்விகளுக்குக்கூட நேரமில்லை. தாலுகா சர்க்கார் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்க, அதன் வாசலைத் தாண்டி முதல் நம்பரைத் தேடிக் காரில் கொண்டு போகிறவர்களை என்னவென்று சொல்லுவது?