பிக்கப்புக்கு லிஃப்ட் எத்தனை இன்ச்? மரக்காணம் பக்கம் போவோருக்கு என் பதில்: பூஜ்யம்!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றதும் நினைவுக்கு வருவது, சாலையின் இருபுறமும் விரியும் உப்பளமும் வெயிலில் கண் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்களும்தான். இன்ஸ்டாவில் கார் பக்கங்களைத் தொடர்பவர்களுக்கு இன்னொரு காட்சியும் பழக்கமாகியிருக்கும். தூக்கிக் கட்டிய பிக்கப், அதற்குக் கீழே டிராக்டரை ஞாபகப்படுத்தும் டயர், பின்னணியில் கடலோரமோ உப்பளமோ, கூடவே ஒரு பி.ஜி.எம்.

ஹைலக்ஸோ வி-கிராஸோ டெலிவரி எடுத்த கையோடு பலரும் கேட்கும் முதல் கேள்வி, “லிஃப்ட் எத்தனை இன்ச் போடலாம், டயர் 31-ஆ 33-ஆ?” என்பதுதான். மலைப்பாறைகளில் வண்டி ஏற்றுகிறவர்களுக்கு அது நியாயமான கேள்வி. வார இறுதியில் மரக்காணம், கூனிமேடு பக்கம் போய்வரும் ஐ.டி. ஊழியருக்கு என் பதில் இதுதான்: லிஃப்ட் வேண்டாம். டயரின் விட்டம் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கட்டும். அந்தப் பணத்தில் கால்வாசிக்கு நல்ல ஆல்-டெர்ரெய்ன் டயர் கிடைக்காவிட்டாலும், காற்று அளக்கும் மீட்டரும் சின்ன கம்ப்ரஸரும் நிச்சயம் கிடைக்கும். மணலில் அவை இரண்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

“கெத்து போய்டுமே பாஸ்” என்கிறீர்களா? சரி, கணக்கைப் பார்ப்போம்.

லிஃப்ட் எதைத் தூக்குகிறது?

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற வண்டிகளின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு. நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருப்பது டிஃப்ரன்ஷியல். பின்பக்கத்தில் தரைக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான். மணல் மேட்டிலோ டிராக்டர் போன தடத்தின் நடு முதுகிலோ முதலில் தட்டப்போவதும் அதுதான்.

லிஃப்ட் கிட் என்பது முன்பக்கம் ஸ்ட்ரட்டுக்கு மேல் ஒரு ஸ்பேசர் அல்லது உயரமான ஸ்பிரிங், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கட்டை அல்லது கூடுதல் பட்டை. இவையெல்லாம் சேஸியையும் அதன்மேல் இருக்கும் பாடியையும்தான் தூக்கும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு இன்ச் போடுங்கள், நான்கு இன்ச் போடுங்கள், அந்தப் பூசணிக்காய் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது.

பலன் எங்கே என்றால், செங்குத்தான மேட்டில் பம்பர் இடிக்காமல் ஏறுவது, கூர்மையான முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருப்பது. மரக்காணம் கடற்கரை சப்பாத்தி மாதிரி தட்டை. அங்கே இருக்கும் ஒரே முகடு உப்பளத்து வரப்பு. அதன்மேல் நீங்கள் வண்டி ஏற்றவே கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விலையும் உண்டு. உதாரணத்துக்கு, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,550 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த மையத்தை 50 மி.மீ. உயர்த்தினால், வண்டியைக் கவிழ்க்கத் தேவைப்படும் பக்கவாட்டு விசை சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும். காலி வண்டிக்கே இப்படி. பின்னால் லோடு ஏற்றினால் மையம் இன்னும் மேலே போகும். எதிரே பேருந்து வர, திடீரென மாடு குறுக்கே வர, ஸ்டியரிங்கை வெட்டும் அந்த ஒரு நொடியில்தான் இந்த 7 சதவீதம் தெரியும். முன் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஆக்ஸில் இணைப்புகள் சாய்வான கோணத்தில் சுழல வேண்டியிருப்பதால் சீக்கிரம் தேய்வது தனிக் கதை. அலைன்மென்ட்டும் போகும்.

33 இன்ச் டயர்: உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது?

அச்சை மேலே கொண்டுவர ஒரே வழி பெரிய டயர்தான். ஆனால் எவ்வளவு?

ஹைலக்ஸின் மேல் வேரியண்ட்களில் வருவது 265/60 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம் விட்டம், இன்ச்சில். 265-ல் 60 சதவீதம் 159 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 318. ரிம் 457. மொத்த விட்டம் 775 மி.மீ.

33 இன்ச் வகை என்று கடைகளில் சொல்லும் 285/70 ஆர்17-ஐ இதே முறையில் போட்டால் 831 மி.மீ. வித்தியாசம் 56 மி.மீ. ஆனால் அச்சு டயரின் நடுவில் இருப்பதால் உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதி, 28 மி.மீ. அதாவது ஒரு இன்ச்சுக்குச் சற்று மேல். ரிம், டயர், லிஃப்ட் கிட் எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டும் செலவுக்கு இதுதான் லாபம்.

பதிலுக்கு டயர் சுற்றளவு 7 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கணக்குப்படி நீங்கள் கிட்டத்தட்ட 86-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் எல்லாம் கனமானதுபோல் ஆகும். மைலேஜ் இறங்கும். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்தான் பாடுபட வேண்டும். ஸ்டெப்னி கீழே பொருந்தாமல் போகலாம். அதைப் பின்னால் பெட்டியில் போட்டுக்கொண்டு சுற்றுபவர்கள், பிக்கப் எதற்கு வாங்கினோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஹைலக்ஸின் கீழ் வேரியண்டில் வருவது 265/65 ஆர்17. விட்டம் 776 மி.மீ., அதாவது மேல் வேரியண்டின் அதே உயரம். ரிம் சின்னது என்பதால் பக்கச்சுவர் 159-லிருந்து 172 மி.மீ. ஆகிறது. மணலில் காற்றைக் குறைத்து ஓட்ட இந்தத் தடித்த பக்கச்சுவர்தான் வசதி. ஷோரூமில் “ரிம் சின்னதா இருக்கே” என்று ஒதுக்கிவிட்டு, பிறகு வெளியே போய் 17 இன்ச் ரிம் தேடுவது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற காமெடி அல்ல என்றாலும், காமெடிதான்.

காற்றில் இருக்கிறது விஷயம்

மணலில் வண்டி சிக்குவது பெரும்பாலும் உயரம் போதாததால் அல்ல, சக்கரம் மணலுக்குள் இறங்குவதால். ஒரு சக்கரத்தில் 500 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 பி.எஸ்.ஐ. காற்றில் அந்த எடையைத் தாங்க டயர் தரையில் பதியும் பரப்பு தோராயமாக 200 சதுர செ.மீ. 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 400. டயரின் சொந்த விறைப்பால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையும், ஆனால் போக்கு இதுதான். செலவே இல்லாமல் தரைப் பிடிப்பு இரட்டிப்பாகிறது. டயரை 20 மி.மீ. அகலமாக்கினால் இதன் பக்கத்தில்கூட வராது.

நிபந்தனைகள் உண்டு. காலி வண்டியாக இருக்க வேண்டும். வேகம் ஆள் ஓடும் அளவைத் தாண்டக் கூடாது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலையைத் தொடும் முன் காற்றைத் திரும்ப ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் ஈ.சி.ஆரில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். கம்ப்ரஸர் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே வேண்டாம்.

இதுவும் மணலுக்குத்தான். உப்பளத்துச் சேறு வேறு ரகம். மேலே வெயிலில் காய்ந்த மெல்லிய ஓடு, உள்ளே வழவழவென்று களி. பார்ப்பதற்குக் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இரண்டு டன் வண்டிக்கு எந்த டயரும் அங்கே பதில் இல்லை. 12 இன்ச் சக்கரத்தில் ஓடும் டாடா ஏஸை, நம்ம குட்டி யானையைத்தான் சொல்கிறேன், வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் லிஃப்ட் இல்லாமலேயே சமாளிக்கிறார்கள். எதுவரை போகலாம், எங்கே நிறுத்தி மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் எழுந்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. உற்பத்தியாளரின் அசல் வடிவமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. “ஒவ்வொரு மாற்றத்துக்கும்” என்பதைக் கவனியுங்கள். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்க வாய்ப்பிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் டயர் விட்டத்தை 50 மி.மீ. வரை கூட்டலாம் என்று வழிகாட்டு விதியே இருக்கிறது. அதைத் தாண்டினால் பொறியாளர் சான்று வாங்க வேண்டும். நம் சட்டம் எரிபொருள் கிட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்புக்கும் வழி வைத்திருக்கிறது. லிஃப்டுக்கு அப்படி ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தால், இப்போது தெருமுனையில் வெல்டிங் வைத்து நடப்பது குறையும். கேட்க வேண்டிய கோரிக்கைதான். ஆனால் அது வரும்வரை ரோட்டில் இருப்பது இந்தச் சட்டம்தான்.

“வெள்ளம் வந்தா உதவுமே?”

இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டமே தத்தளித்தது.

ஆனால் தண்ணீரில் வண்டி எவ்வளவு ஆழம் போகும் என்பதை முடிவு செய்வது பாடியின் உயரம் மட்டும் அல்ல. இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் வாய் எங்கே இருக்கிறது, அச்சின் காற்றுத் துளைகளும் மின் இணைப்புகளும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதும்தான். ஹைலக்ஸுக்குக் கம்பெனியே 700 மி.மீ. வரை சொல்கிறது. நிற்கும் தண்ணீருக்கு அது போதும். ஓடும் தண்ணீர் என்றால் 60 செ.மீ. ஆழமே பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். பெரிய டயர் அங்கே பலூன் மாதிரி மிதக்கவும் உதவும். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் எந்தப் பிக்கப்பும் திரும்பத்தான் வேண்டும்.

வண்டிக்கு வெளியே இருப்பவர்கள்

லிஃப்ட் பற்றிய பேச்சில் வராத ஆட்கள் இவர்கள்தான். வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க, உப்பளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். நடையாகவும், சைக்கிளிலும், பழைய டி.வி.எஸ். 50-லும். முன்பக்கம் இரண்டு இன்ச் தூக்கிய பிக்கப்பின் ஹெட்லைட், திரும்ப அட்ஜஸ்ட் செய்யாவிட்டால், நேராக அவர்கள் கண்ணில் அடிக்கும். உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது.

வரப்பு விஷயத்துக்கு வருகிறேன். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, சுமார் 25 போமே டிகிரி அடர்த்திக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண் வரப்புதான் அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு ரீலுக்காக ஏற்றிய டயர் அதை உடைத்தால், சுண்டிய நீர் பக்கத்துப் பாத்தியின் இளநீரோடு கலந்துவிடும். சேறு கலந்த உப்பு பழுப்பாகி விலை போகாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எப்படியும் வேலை கிடையாது. அந்தக் காலத்துக்குத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய். உங்கள் வண்டியில் ஒரே ஒரு மாற்றத்துக்கு விதிக்கப்படும் அபராதமும் அதே தொகைதான்.

உப்பளத்தை ஒட்டி இருக்கும் கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,000 ஹெக்டேருக்கு மேல். உள்ளே வண்டி இறக்கினால் மோட்டார் சட்டம் இல்லை, வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பேசும். ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அப்போது 18 பி.எஸ்.ஐ. உத்தியும் வேண்டாம், வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

அப்போ என்ன வாங்கலாம்?

கம்பெனி அளவிலேயே ஆல்-டெர்ரெய்ன் டயர். மட்-டெர்ரெய்ன் வேண்டாம். ஈ.சி.ஆரில் ஈரத் தார்ச்சாலையில்தான் உங்கள் வண்டி அதிக நேரம் ஓடப்போகிறது. மட் டயரின் பெரிய கட்டைகள் அங்கே இரைச்சலையும் வழுக்கலையும்தான் தரும். லோடு இன்டெக்ஸ் பழைய டயருக்குக் குறையாமல் பாருங்கள். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயர் சட்டப்படியும் ஆகாது. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் தயாரானது. ‘புது ஸ்டாக்’ என்று சொல்லி மூன்று வருடப் பழசைக் கட்டிவிடுவார்கள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலை, வண்டியின் அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர். உப்புக்காற்றும் உப்புச்சேறும் பட்டை அடுக்குகளுக்கு நடுவிலும் பிரேக் குழாய் வளைவிலும் உட்கார்ந்துகொள்ளும். மேலே போடும் செராமிக் கோட்டிங் அதைத் தொடாது. வாட்டர் வாஷ் கடையில் “பாடி வேணாம் அண்ணே, அடியில நல்லா அடிங்க” என்று கேளுங்கள். அன்றைக்கே கேளுங்கள், அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டாம்.